சென்னைக்குப் புது வக்கீலா? வழக்கறிஞர் சங்கத்தில் சேர ஒரு வழிகாட்டி

பார் கவுன்சிலில் பதிவு செய்து, கவுனும் கழுத்துப் பட்டையும் மாட்டியாயிற்று. இனி சங்கத்தில் வேறு சேர வேண்டுமா, சட்டப்படி கட்டாயமில்லையே, சந்தா தண்டம்தானே என்று கேட்பவர்கள் நிறையப் பேர். அப்பாவோ மாமாவோ இதே தொழிலில் இருந்தால் அப்படிக் கேட்கலாம். அவர்களுக்குத் தேவையானதெல்லாம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலேயே கிடைத்துவிடும். வெளியூரிலிருந்து வந்து, திருவல்லிக்கேணியில் மேன்ஷன் அறையோ பெரம்பூரில் பங்கு வீடோ எடுத்துத் தங்கி, குடும்பத்தில் முதல் ஆளாகக் கோர்ட் படி ஏறுகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். நானும் அப்படி வந்தவள்தான். எந்தப் படிவம், யாருடைய கையெழுத்து, எந்த மாதத்தில் அலுவலகப் பக்கம் போகக் கூடாது என்பதையெல்லாம் சொல்ல ஆளில்லாமல், ஒவ்வொரு கவுண்டராகக் கேட்டு அலைந்துதான் தெரிந்துகொண்டேன்.

1. கவுன்சில் வேறு, சங்கம் வேறு

தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சில் சட்டப்படி அமைந்த அமைப்பு. அங்கே பதிவு செய்யாமல் நீங்கள் வழக்கறிஞரே இல்லை. சங்கம் என்பது நாமாக விரும்பிச் சேர்வது. இரண்டுக்கும் விண்ணப்பம் வேறு, கட்டணம் வேறு, அடையாள அட்டையும் வேறு.

பதிவுக் கட்டணம் பற்றி ஒரு விஷயம். வழக்கறிஞர்கள் சட்டம் 1961-இன்படி பொதுப்பிரிவினருக்கு மொத்தம் 750 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய். முத்திரைத் தீர்வை தனி. இதற்கு மேல் வேறு எந்தப் பெயரிலும் பதிவுக்கு நிபந்தனையாகப் பணம் கேட்கக் கூடாது என்று 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. பழைய சீனியர்கள் "பல்லாயிரம் ஆகும்பா" என்று சொன்னால் அது அவர்கள் காலத்துக் கணக்கு.

பதிவுக்கு அடுத்தது அகில இந்திய பார் தேர்வு. முதலில் கிடைப்பது தற்காலிகப் பதிவுதான்; அது கிடைத்த 2 ஆண்டுக்குள் இதை எழுதித் தேற வேண்டும். 100 கேள்வி, கொள்குறி வகை. பொதுப்பிரிவுக்குத் தேர்ச்சி 45 சதவீதம். குறிப்புகள் எழுதாத சட்டப் புத்தகத்தை உள்ளே கொண்டுபோகலாம் என்பதால் பலர் அலட்சியமாகப் போய்விடுகிறார்கள். எந்தப் பிரிவு எந்தப் பக்கத்தில் என்று தேடுவதிலேயே நேரம் போய்விடும். சங்கத்தில் சேர இந்தத் தேர்வு முடிவுக்காகக் காத்திருக்க வேண்டுமா என்றால், அது சங்கத்துக்குச் சங்கம் மாறும். சில இடங்களில் தற்காலிகப் பதிவு போதும், சில இடங்களில் தேர்வு தேறியபின் தரும் தொழில் சான்றிதழையும் கேட்பார்கள். படிவம் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

2. சேர்ந்தால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது

முதலில் சேமநல நிதி. கட்சிக்காரர் தமக்காக வாதாட நமக்கு எழுதித் தரும் வக்காலத்தில் முத்திரை ஒட்டுகிறோமே, அந்தப் பணம் இந்த நிதிக்குத்தான் போகிறது. தமிழ்நாட்டில் இதற்கென 1987-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. வழக்கறிஞர் இறந்தால் அவருடைய குடும்பத்துக்கு இதிலிருந்து பணம் வரும். இந்த நிதிக்கு விண்ணப்பிக்கும்போது எந்தச் சங்கத்தின் உறுப்பினர் என்பது முக்கியமான கேள்வி. 2001-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும் சங்க உறுப்பினராக இருக்கும் வழக்கறிஞரைத்தான் நிதிக்கு விண்ணப்பிக்கச் சொல்கிறது. இருபத்தைந்து வயதில் யாருக்கும் இது பெரிதாகத் தெரியாது. ஊரில் நம் சம்பாத்தியத்தை நம்பி ஒரு அம்மாவோ தங்கையோ இருந்தால் தெரியும். நிதியில் சேர்வது தானாக நடக்காது, தனி விண்ணப்பம் போட வேண்டும். சங்கத்தில் சேர்ந்த கையோடு அதையும் முடித்துவிடுங்கள். வாரிசு நியமனப் பகுதியைக் காலியாக விடாதீர்கள். திருமணம் ஆனால் அதை மாற்றவும் மறக்காதீர்கள்.

இரண்டாவது நூலகம். தீர்ப்புகளைத் தேடித் தரும் கட்டணத் தளங்களின் சந்தா ஒரு ஜூனியரின் பைக்கு அடங்காது. உச்ச நீதிமன்றத்தின் இ-எஸ்சிஆர் தளம் 2023 ஜனவரியிலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது, தீர்ப்புகளைத் தேட உதவும் இந்தியன் கானூன் தளமும் இலவசம். ஆனால் பழைய சென்னைத் தீர்ப்பு ஒன்றை அச்சுத் தொகுதியில் எடுத்து, தலைக்குறிப்போடு படித்து, ஜெராக்ஸ் போட்டு நீதிபதியிடம் நீட்ட வேண்டுமென்றால் சங்க நூலகம்தான். அங்கே இருக்கும் நூலக உதவியாளரிடம் மரியாதையாகப் பழகுங்கள். எந்தத் தொகுதி எந்த அலமாரியில் என்பது கணினியைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

மூன்றாவதுதான் என் கணக்கில் பெரியது. மனிதர்கள். 2024 ஜூலை 1 முதல் புதுக் குற்றவியல் சட்டங்கள் வந்தன அல்லவா. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 482 என்றால் உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம், எப்ஐஆரை ரத்து செய்யச் சொல்லிப் போடும் மனு. புதுச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அதே 482 முன்ஜாமீன். ரத்து மனு 528-க்குப் போய்விட்டது. புத்தகத்தில் படித்தால் ஒரு வரி. மனு குறையோடு ரிட்டர்ன் ஆகித் திரும்பி வந்து, எந்தக் குறையைத் திருத்தி எப்படி ரீபிரசன்ட் செய்வது (மறுபடி தாக்கல் செய்வது) என்று தெரியாமல் கட்டோடு நிற்கும்போதுதான் அதன் பாரம் தெரியும். அந்தச் சமயத்தில் பக்கத்து நாற்காலியில் டீ குடிக்கிறவர், "இந்த செக்‌ஷன்ல வயது, முகவரி இல்லன்னா வாங்க மாட்டாங்கம்மா, மேல சேத்து எழுதி நாளைக்கு காலைல முதல் ஆளா போய் நில்லு" என்று சொல்லுவார் பாருங்கள், அது எந்தச் சட்டக் கல்லூரியிலும் கிடைக்காது. சங்க அறையில் இது தினமும் நடக்கிறது.

அப்புறம் சின்னச் சின்ன வசதிகள். உட்கார ஓர் இடம், கவுனை வைக்க லாக்கர் (காலியாக இருந்தால்), குடிக்கத் தண்ணீர். பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறை ஒன்று அருகில் இருப்பது சின்ன வசதியே இல்லை.

ஜூனியர்களின் சம்பளப் பிரச்சினையும் சங்கம் வழியாகத்தான் பேசப்பட வேண்டியது. சென்னை, மதுரை, கோவை ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாயும் மற்ற இடங்களில் 15,000 ரூபாயும் கொடுக்க வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. நடைமுறையில் எத்தனை சேம்பரில் (சீனியரின் அலுவலகத்தில்) அது கைக்கு வருகிறது என்பது நீங்கள் போய்ப் பார்த்தால் தெரியும். தனியாக ஒரு ஜூனியர் சீனியரிடம் இதைக் கேட்க முடியாது. பொதுக்குழுவில் நாற்பது பேராக எழுந்து கேட்கலாம்.

கிடைக்காதது எது? வழக்கு. சங்கத்தில் சேர்ந்தால் கட்சிக்காரர் வருவார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

3. எந்தச் சங்கம்?

உயர் நீதிமன்ற வளாகத்தில் மட்டும் ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்கள் இருக்கின்றன: மெட்ராஸ் உயர் நீதிமன்ற வழக்கறிஞர்கள் சங்கம், மெட்ராஸ் பார் அசோசியேஷன், லா அசோசியேஷன், பெண் வழக்கறிஞர்கள் சங்கம். இது தவிர எழும்பூர், சைதாப்பேட்டை போன்ற நீதிமன்றங்களுக்குத் தனித்தனிச் சங்கம். வரி, தொழிலாளர், கம்பெனித் தீர்ப்பாயம் என்று துறை வாரியாகவும் உண்டு.

பேர் பெரியதா என்று பார்க்காதீர்கள். வாரத்தில் நான்கு நாள் எந்த வாசல் வழியாக உள்ளே போகிறீர்களோ அந்த நீதிமன்றத்தின் சங்கம்தான் உங்களுக்கு. எழும்பூரில் ஜாமீன் மனுவும் காசோலை வழக்கும் பார்க்கிறவர் உயர் நீதிமன்றச் சங்கத்தில் மட்டும் சேர்ந்து வைத்தால், மதியம் உட்கார நாற்காலி பாரிமுனையில் இருக்கும், ஆள் எழும்பூரில் நிற்பார். சிட்டி சிவில் கோர்ட்டும் குடும்ப நல நீதிமன்றமும் உயர் நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே இருப்பதால் அங்கே போகிறவர்களுக்குத் தேர்வு சுலபம். பெண்கள் பொதுச் சங்கம் ஒன்று, பெண் வழக்கறிஞர்கள் சங்கம் ஒன்று என இரண்டிலும் இருப்பது வழக்கம். என் அனுபவத்தில் இரண்டாவதில் கட்டிய சந்தா ஒரு பைசா வீணில்லை.

ஒன்றுக்கு மேல் சேரலாம், ஆனால் ஓட்டு ஒரே இடத்தில்தான் என்பது இப்போதைய போக்கு. ஒருவருக்கு ஒரு சங்கத்தில் மட்டுமே வாக்கு என்ற விதி செல்லும் என உச்ச நீதிமன்றம் 2011-இல் சொன்னது. வேறு எங்கும் வாக்களிக்க மாட்டேன் என்று உறுதிமொழி கேட்டால் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள்.

4. கையில் என்னென்ன இருக்க வேண்டும்

பொதுவாகக் கேட்பவை இவை:

பதிவுச் சான்றிதழின் நகல். பார் கவுன்சில் அடையாள அட்டை, இரண்டு பக்கமும். பார் தேர்வு தேறியிருந்தால் அந்தச் சான்று. ஆதார். கோட்டும் கழுத்துப் பட்டையும் அணிந்த பாஸ்போர்ட் அளவுப் படம், ஒரு டஜனாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இருப்பிடச் சான்று, சேம்பர் முகவரி. ரத்தப் பிரிவு, அவசரத்துக்கு ஒரு தொலைபேசி எண்.

தகராறு வருவது பெரும்பாலும் பெயரில்தான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் பின்னால், பதிவுச் சான்றிதழில் இனிஷியலே இல்லை என்றால் ஒவ்வொரு மேஜையிலும் ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். பார் கவுன்சிலில் எந்த எழுத்துக்கூட்டலில் பெயர் இருக்கிறதோ அதையே எல்லாப் படிவத்திலும் எழுதுங்கள். பதிவு எண்ணை ஆண்டோடு சேர்த்து எழுதுங்கள். நகல்களில் நீங்களே சான்றொப்பமிட்டு நான்கு செட் போட்டு ஒரு கவரில் வைத்துவிட்டால் சேமநல நிதி, வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம் என்று எல்லாவற்றுக்கும் உதவும். இருப்பிடச் சான்று இல்லாத மேன்ஷன்வாசிகள் கவலைப்பட வேண்டாம். ஊர் முகவரியை நிரந்தர முகவரியாகப் போட்டு, தபால் முகவரிக்குச் சீனியரின் சேம்பரைக் கொடுக்கலாம். அதற்கு அவரிடம் முதலில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

5. முன்மொழிபவர், வழிமொழிபவர்

படிவத்தின் கடைசியில் இரண்டு கட்டம் இருக்கும். ஏற்கெனவே உறுப்பினராக இருக்கும் ஒருவர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும். பெயர், உறுப்பினர் எண், கையெழுத்து. முதல் தலைமுறை ஆட்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறோம். சீனியரிடம் சேர்ந்திருந்தால் ஒரு கையெழுத்து ஆயிற்று. இன்னொன்று?

தெரியாதவரிடம் போய்ப் படிவத்தை நீட்டாதீர்கள். தினமும் ஒரே கோர்ட் ஹாலில் உட்காருகிறவர்களில் ஒருவரைப் பாருங்கள். அவர் வேறு ஹாலில் மாட்டிக்கொண்டிருக்கும்போது அவருடைய ஜூனியருக்குப் பாஸ்ஓவர் (வழக்கைச் சற்று நேரம் கழித்து எடுக்கும்படி) கேட்க உதவியிருப்பீர்கள், காஸ் லிஸ்டில் (அன்றைய வழக்குப் பட்டியலில்) எத்தனையாவது வழக்கு ஓடுகிறது என்று சொல்லியிருப்பீர்கள். அந்த அறிமுகம் போதும். எனக்கு வழிமொழிந்தவர், வராந்தாவில் நடந்துகொண்டே, "யார் சேம்பர்மா?" என்றார். சொன்னேன். "எந்த ஊரு?" சொன்னேன். "அங்கருந்து வந்து இங்க தாக்குப்பிடிக்கிறியா" என்று கேட்டுக்கொண்டே என் கேஸ் கட்டின் மேல் படிவத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். மதியம் உணவு இடைவேளைக்குச் சற்று முன், வழக்கு முடிந்து வெளியே வரும் நேரம்தான் சரி. காலை பத்தே காலுக்கு யாரிடமும் எதுவும் கேட்காதீர்கள்.

ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. கையெழுத்துப் போடுகிறவரின் சந்தா நிலுவையில் இருந்தால் உங்கள் படிவம் திரும்பி வரும். மூத்தவர்கள் பலர் சந்தாவை வருடக்கணக்கில் மறந்திருப்பார்கள். என் முதல் படிவம் அப்படித்தான் திரும்பியது. பெரியவரிடம் "சார், உங்க சந்தா பாக்கியாம்" என்று எப்படிச் சொல்வது? சங்க அலுவலகத்தில் அவருடைய உறுப்பினர் எண்ணைக் கொடுத்து நிலுவை இருக்கிறதா என்று முதலிலேயே விசாரித்துவிட்டால் அந்தச் சங்கடம் இல்லை.

6. பணம்

சேர்க்கைக் கட்டணம் ஒரு முறை, சந்தா ஆண்டுக்கு அல்லது மாதத்துக்கு, நூலகத்துக்கும் லாக்கருக்கும் சில இடங்களில் தனி வைப்புத்தொகை. இப்படி மூன்று தலைப்பில் கேளுங்கள். "மொத்தம் எவ்வளவு?" என்று கேட்டால் அன்றைக்குக் கட்ட வேண்டியதை மட்டும் சொல்வார்கள். தொழிலில் எத்தனை ஆண்டு என்பதைப் பொறுத்துக் கட்டணம் ஏறும் சங்கங்கள் உண்டு. அங்கே ஆரம்பத்திலேயே சேர்வது லாபம். ஆயுள் சந்தா கட்டச் சொன்னால், இன்னும் ஐந்து வருடம் இதே நீதிமன்றத்தில் இருப்போமா என்று யோசித்துவிட்டுக் கட்டுங்கள். குழுக் காப்பீடு இருந்தால், அதற்குச் சந்தாவைத் தாண்டித் தனியாகப் பணம் கட்ட வேண்டுமா, பெற்றோரைச் சேர்க்க முடியுமா என்று இரண்டு கேள்வி கேளுங்கள்.

ரசீது. கார்பன் வைத்து எழுதும் அந்தச் சின்ன ரசீதில் உங்கள் பெயரும் பதிவு எண்ணும் எந்த ஆண்டுக்கான சந்தா என்பதும் இருக்கிறதா என்று மேஜையை விட்டு நகர்வதற்கு முன் பாருங்கள். என்னோடு பதிவான தோழி ஒருத்தி ஒரு சங்கத்தில் ரொக்கமாகக் கட்டினாள். "ரசீது புக் தீர்ந்துபோச்சு, அப்புறம் வாங்கிக்கங்க" என்றார்கள். வாக்காளர் பட்டியல் வந்தபோது அவள் பெயர் இல்லை. கட்டியதற்கு ஆதாரமும் இல்லை. யூபிஐயில் கட்டினாலும் ரசீதைக் கேட்டு வாங்கி அன்றைக்கே கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். கார்பன் எழுத்து ஓரிரு வருடத்தில் மங்கிவிடும்.

7. எப்போது போவது

மே மாதம் வேண்டாம். உயர் நீதிமன்றத்துக்கு அப்போது கோடை விடுமுறை, நிர்வாகிகளைப் பிடிப்பது கஷ்டம். சங்கத் தேர்தல் நெருங்கும் மாதங்களும் வேண்டாம். புதுச் சேர்க்கையை நிறுத்தி வைத்திருப்பார்கள், அல்லது ஓட்டுக்காக ஆட்கள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்துகொண்டிருப்பார்கள். தேர்தல் சமயத்தில் "உங்க சந்தாவை நாங்க கட்டிடுறோம்" என்று யாராவது அன்பாக வந்தால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள்.

விடுமுறை முடிந்து ஜூன் இரண்டாம் வாரத்துக்குப் பிறகு, வாரத்தின் நடுவில் ஒரு நாள் மாலை நாலரைக்கு மேல் போனால் அலுவலக உதவியாளருக்கும் பேச நேரம் இருக்கும். படிவம் கொடுத்தவுடன் உறுப்பினர் ஆகிவிட மாட்டீர்கள். செயற்குழு கூடி ஏற்க வேண்டும். அடுத்த செயற்குழு எப்போது என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, அதற்கு மறுவாரம் போய் விசாரியுங்கள். விசாரிக்காத படிவம் பைலிலேயே தூங்கும்.

8. சேர்ந்த பிறகு கவனிக்க வேண்டியவை

பெயர்ப்பலகையிலோ லெட்டர்பேடிலோ விசிட்டிங் கார்டிலோ "உறுப்பினர், இன்ன சங்கம்" என்று அச்சடிக்காதீர்கள். பார் கவுன்சில் விதி 36 இதைத் தடுக்கிறது. சங்கத்தின் தலைவராகவே இருந்தாலும் போடக் கூடாது. நகரத்தில் பாதி கார்டுகளில் இருக்கிறதே என்றால், ஆமாம் இருக்கிறது. புகார் வரும்போது அது உங்களுக்குப் பதில் ஆகாது.

அடுத்து, நீதிமன்றப் புறக்கணிப்பு. சங்கம் அறிவித்துவிட்டது, போனால் பகை, போகாவிட்டால் வழக்குப் போய்விடும். ஜூனியரை நசுக்கும் இடம் இது. 2002 டிசம்பரில் ஹரிஷ் உப்பல் வழக்கில் உச்ச நீதிமன்றம், வழக்கறிஞர்களுக்கு வேலைநிறுத்தம் செய்ய உரிமை இல்லை என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வக்காலத்து உங்கள் பெயரில் இருந்தால் கட்சிக்காரருக்கு ஏற்படும் நஷ்டத்துக்குப் பொறுப்பும் உங்களுடையதுதான். என் யோசனை: அறிவிப்பு வந்த அன்றைக்கே சீனியரிடம் கேளுங்கள், ஜாமீன், தடையாணை போன்ற அவசர வழக்குகளுக்கு விலக்கு உண்டா என்று சங்கத்தில் கேளுங்கள், கட்சிக்காரருக்கு உடனே தகவல் சொல்லுங்கள். வாட்ஸ்அப் குழுவில் வீராவேசமாக எதையும் எழுதாதீர்கள்.

சந்தாவை விடாமல் கட்டுங்கள். இடையில் விட்டால் மறுபடி சேரும்போது மூப்பு போகும், நலத்திட்டங்களுக்கான தகுதியும் தடைபடலாம்.

9. மூன்று வருடக் கோப்பு

சட்ட உதவி மையத்தின் பேனல் (பட்டியல்) வழக்கறிஞராக வேண்டுமானால் பொதுவாக 3 ஆண்டு அனுபவம் வேண்டும். உரிமையியல் நீதிபதித் தேர்வுக்கும் 3 ஆண்டுத் தொழில் அனுபவம் கட்டாயம் என்று 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் கொண்டுவந்துவிட்டது. தற்காலிகப் பதிவு நாளிலிருந்து கணக்கு. அனுபவச் சான்றை நீதிமன்றத்தின் முதன்மை நீதித்துறை அலுவலர் தரலாம், அல்லது 10 ஆண்டு அனுபவமுள்ள வழக்கறிஞர் தந்து நீதித்துறை அலுவலர் மேலொப்பமிட வேண்டும். மூன்று வருடம் உங்களைக் கண்ணால் பார்த்த பத்தாண்டு வழக்கறிஞர் ஒருவர் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே இதன் பொருள். சங்கம் இல்லாமல் தனியாகத் தொழில் செய்கிறவர் அந்த ஆளை எங்கே தேடுவார்?

எனவே முதல் நாளிலிருந்தே ஒரு கோப்பு போடுங்கள். நீங்கள் ஆஜரான உத்தரவுகளின் நகல், உங்கள் பெயர் உள்ள வக்காலத்துகளின் நகல், சந்தா ரசீதுகள், சங்கப் பயிற்சி வகுப்புச் சான்றுகள், எல்லாம் ஆண்டு வாரியாக. நடுவில் ஏதாவது கம்பெனியில் முழுநேரச் சம்பள வேலை கிடைத்துப் போனால் பார் கவுன்சிலுக்கு எழுதித் தொழிலை நிறுத்தி வைக்க வேண்டும், அந்தக் கடிதத்தின் ஒப்புகையும் இதே கோப்பில் இருக்கட்டும். சங்கத்துக்கும் ஒரு நகல் கொடுத்து, அந்தக் காலத்துக்குச் சந்தா கட்ட வேண்டுமா, உறுப்பினர் எண் அப்படியே இருக்குமா என்று எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள்.